நீலாஸைப் பாடக்கூடாது

கதவைத் திறந்த ராகேல் மதினி முதலில் வா என்று சொல்லவில்லை. "அந்தப் பேச்ச மட்டும் அவர்கிட்ட எடுக்காத," என்றாள். அப்புறம்தான் விட்டுப்போனதைச் சேர்ப்பதுபோல, "கர்த்தருடைய சமாதானம். உள்ள வா. கால நல்லா உதறிட்டு வா," என்றாள்.

எந்தப் பேச்சு என்று ராவ்னா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது நடிப்பாக இருந்திருக்கும். ஓஸ்லோவிலிருந்து விமானம் மாறி, வாடகைக் காரில் ஏப்ரல் மாதப் பனிச்சாலையில் மேட்டுநிலத்தைக் கடந்து அவள் வந்தது அண்ணனைப் பார்க்கத்தான். நீலாஸுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது, கோடை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவள் வராமல் இருப்பாளா? ஆனால் அவள் வந்தது இன்னொன்றுக்காகவும்தான். அண்ணன் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் அவளைப் பாட வேண்டும். அவளைப் பாடத் தெரிந்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

கூடத்து ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். மூக்கில் பிராணவாயுக் குழாயோடு நீலாஸ் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் துள்ளுகிற கலைமானைக் கொம்பைப் பிடித்துச் சாய்க்கிற ஆள். இப்போது போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

"ஓஸ்லோக்காரி வந்துட்டாளா? இங்க வா, பல்லக் காட்டு. பல் ஆஸ்பத்திரியில இத்தன வருஷம் வேல பாத்தியே, உனக்காவது ஒழுங்கா கட்டி விட்டாங்களான்னு பாப்போம்."

ராவ்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இப்படி இளைச்சுப் போயிட்டியேண்ணே," என்றாள்.

அவன் கண்ணை உருட்டினான். "அது வண்டி இழுத்து ஓஞ்ச மானுக்குச் சொல்ற வார்த்த. மனுஷனுக்கு வேற வார்த்த இருக்கு. மறந்துட்டியா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பரவால்ல. எனக்கு இதுதான் பொருத்தம்," என்றான்.

அவள் பிறந்த மொழி, வடக்கே கலைமான் மேய்க்கிற சாமி இனத்தாரின் மொழி, அவள் வாயில் அப்படி ஆகிவிட்டது. ஓஸ்லோவில் பேச யாரும் இல்லை. புருஷன் நார்வேக்காரன். நல்ல மனுஷன், ஆனால் இந்த மொழியில் அவனுக்குக் காபி கேட்கக்கூடத் தெரியாமலே போய்ச் சேர்ந்தான். மகள் சில்யெவுக்கு அவள் சொல்லித்தரவில்லை. அந்தக் காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை, அதில் பெருமைப்படவும் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. சொல்லித்தராத பிள்ளைகள்தான் இப்போது நீலமும் சிவப்புமான பழைய சாமி உடையை உடுத்திக்கொண்டு மேடை மேடையாக ஏறுகிறார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓநாயைப் பாடுகிறார்கள், காற்றைப் பாடுகிறார்கள். ஓநாயை இவர்கள் மிருகக்காட்சிசாலையில் பார்த்திருப்பார்கள். சில்யெவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. போன கிறிஸ்துமஸுக்கு அவள்தான் கேட்டாள்.

"அம்மா, எல்லாருக்கும் ஒரு பாட்டு உண்டாமே. உனக்கு உண்டா?"

"உண்டு."

"பாடேன், பதிவு பண்ணிக்கிறேன்."

"என்னை நானே பாடக்கூடாது."

"ஏன்?"

ராவ்னா பதில் தேடினாள். நார்வே மொழியில் அதைச் சொல்ல வழியே இல்லை. அவர்கள் 'ஒருவரைப் பற்றிய பாட்டு' என்பார்கள். இங்கே அந்தப் 'பற்றி' கிடையாது. ஆளைப் பாடுவதுதான். ஆறோ மலையோ கிடாயோ பக்கத்து வீட்டுக்காரனோ, பாடினால் அது வந்து நிற்கும். வார்த்தை அதிகம் இருக்காது. லோ, லா என்று வெறும் குரல்தான், ஆனால் கேட்கிறவனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒருவரைப் பாடுகிற பாட்டு பாடினவருக்குச் சொந்தமில்லை, பாடப்பட்டவருக்குத்தான் சொந்தம். ஆனால் சொந்தக்காரன் அதைப் பாடக்கூடாது. தன்னைத்தானே பாடிக்கொள்கிறவனைவிடப் பெரிய தற்பெருமைக்காரன் இல்லை என்பார்கள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். உன் பாட்டு உன்னுடையது, ஆனால் அது இன்னொருவர் வாயில்தான் இருக்க முடியும். இதையெல்லாம் மகளிடம் எப்படியோ சொல்லி முடித்தாள்.

"அப்ப உன்னை யார் பாடுவாங்க?" என்று கேட்டாள் சில்யெ.

அந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ராவ்னாவுக்கு அந்தப் பாட்டை நீலாஸ் போட்டது அவள் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோது. நாலு எட்டு ஓடுவாள், நின்று பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள். தாயைத் தொலைத்த கன்றுதான் அப்படி ஓடும் என்று கேலி செய்வான். பதின்மூன்று வயதுப் பையன், கேலியே பாட்டாகிவிட்டது. அம்மா காதில் விழாமல்தான் பாடுவான். அம்மா சபைக்காரி. இந்த மாதிரிப் பாட்டு பிசாசின் வேலை என்று பிரசங்கியார் சொல்லியிருந்தார், அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஏழு வயதில் ராவ்னாவை விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே டீச்சருக்கு ராவ்னா என்ற பெயர் வாயில் நுழையவில்லை. ராக்ன்ஹில்ட் என்று எழுதிக்கொண்டாள், முடிந்தது. சாப்பிட ராக்ன்ஹில்ட், படுக்க ராக்ன்ஹில்ட், சாமியில் பேசினதற்கு மூலையில் நின்றதும் ராக்ன்ஹில்ட். பெயரைக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று முதலில் சும்மா இருந்தாள். பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பஸ் ஆற்றின் அக்கரையோடு நின்றுவிடும். நடுப்பகலிலும் இருட்டாக இருக்கிற மாதம் அது. பஸ் போன பிறகு சாலையில் பெட்டியும் அவளும் மட்டும். உறைந்த ஆற்றைத் தாண்டி அண்ணன் சறுக்குவண்டியோடு வரவேண்டும். வண்டி கண்ணுக்குத் தெரியாது. மணிச்சத்தம்கூட இன்னும் கேட்காது. அதற்கு முன்னால் அது வரும், இருட்டுக்குள்ளிருந்து, நாலு எட்டு ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து. அவளை அவள் இல்லாத இடத்திலிருந்து பாடிக்கொண்டு வருவான். பஸ்ஸிலிருந்து இறங்கினது ராக்ன்ஹில்ட். அவன் வந்து சேர்வதற்குள் அவள் ராவ்னா ஆகியிருப்பாள். வீட்டு விளக்கு கண்ணில் பட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்வான்.

வாழ்க்கையில் பிறகு எத்தனையோ பேர் அவளை எத்தனையோ முறை வரவேற்றிருக்கிறார்கள். அதுபோல ஒரு வரவேற்பு அவளுக்குக் கிடைத்ததில்லை.

நீலாஸுக்கும் ஒரு பாட்டு இருந்தது. மேய்ச்சல்காரர்கள் சேர்ந்து போட்ட பாட்டு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மந்தை பிரிக்கிற இடத்தில் அவன் சுருக்குக் கயிற்றோடு இறங்கினால் வேலிக்கு மேலிருந்து நாலு பேர் அவனைப் பாடுவார்கள். அதைக் கேட்டு அவன் குடிப்பான். குடித்துவிட்டு மற்றவர்களைப் பாடுவான். ஒரு குளிர்காலம் போதையில் பனியிலேயே தூங்கிப்போய்க் கால்விரல்களைப் பறிகொடுத்தான். உயிரே போயிருக்க வேண்டியது. கட்டு அவிழ்க்கும் முன்பே, ஜெபக்கூட்டத்தில் கோலை ஊன்றி எழுந்து நின்று சாட்சி சொன்னான்: இனி குடிக்கமாட்டேன், இனி பாடமாட்டேன், இனி யாரும் என்னைப் பாடக்கூடாது. குடிக்கமாட்டேன் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னவர்கள்தான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டு அவனுடையது, வேண்டாம் என்று சொல்ல அவனுக்குப் பாத்தியதை உண்டு. அதனால் மறுநாளிலிருந்து யாரும் நீலாஸைப் பாடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவனும் ஒரு சொட்டுத் தொடவில்லை.

வந்த மறுநாள், ராகேல் விறகு எடுக்க வெளியே போயிருந்த நேரத்தில், எலும்புச் சாற்றைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே ராவ்னா கேட்டுவிட்டாள்.

"அண்ணே, ஒரு தரம் என்னைப் பாடு."

அவன் வாயிலிருந்த சாற்றை மெதுவாக விழுங்கினான். "விட்டாச்சே பிள்ள."

"குடிய விட்ட, சரி. என்னை எதுக்கு விட்ட?"

நீலாஸ் சிரிக்கப் பார்த்தான், இருமலில் முடிந்தது. "உனக்குத் தெரியாது. எனக்குப் பாட்டு முன்னால வந்தா சாராய பாட்டில் பின்னாலயே வரும். ரெண்டுக்கும் ஒரே தொண்டைதான் இருக்கு."

"இப்ப பாட்டில் எங்கேருந்து வரப்போகுது? கரண்டிய நான்தான பிடிச்சிருக்கேன்."

"வேண்டாம்டி. போற நேரத்துல கணக்கக் குழப்பாத. அங்க போயி நிக்கணும்."

விறகோடு உள்ளே வந்த ராகேலுக்குக் காது கூர்மை. அடுப்பில் விறகைத் திணித்தாள். பிறகு ராவ்னாவை அடுக்களைக்குக் கூப்பிட்டு, அந்த ஊர் வழக்கப்படி காய்ந்த இறைச்சியைச் சீவிக் காபியில் போட்டு அவள் முன்னால் வைத்தாள்.

"உனக்கு அது பாட்டு," என்றாள். "எனக்கு அது, கதவு இடிக்கிற சத்தம். எந்திரிச்சு விளக்கப் போட்டா வாசல்ல ஆள் விழுந்து கெடக்கும். நீ அங்க ஓஸ்லோவுல இருந்த. கெட்டதெல்லாம் கழிச்சு நல்லதா ஒண்ணு நெனப்புல வச்சிருக்க. குத்தம் சொல்லல. நான் இங்க இருந்தேன்."

"நீங்க சொல்றது சரிதான் மதினி."

"சரின்னு தெரியுமில்ல. கேக்காத."

ராவ்னா அப்புறம் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் அதையே சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போதும், அவன் போர்வையை மாற்றும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து சத்தமாகப் பாடவில்லை. தனியாக இருந்தாலும் அது கூடாது.

அந்த வாரம் ஓவ்லா வந்தான். நீலாஸின் பழைய மந்தைக் கூட்டாளி. சிறு வயதிலிருந்து ஒரே கூடாரம், ஒரே நெருப்பு. மறுநாள் மந்தை கோடை மேய்ச்சலுக்குக் கடற்கரைக்குக் கிளம்புகிறது, அதற்குமுன் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தான். திரும்பி வரும்போது இந்தக் கட்டில் இருக்காது என்பது அவனுக்கும் தெரியும், கட்டிலில் இருந்தவனுக்கும் தெரியும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

"பனி எப்படி?"

"காலைல கெட்டியா நிக்குது. மத்தியானம் ஆனா முழங்கால் வரைக்கும் போகுது."

"வெள்ளக் காதுக்காரி கன்னு போட்டுட்டாளா?"

"இன்னும் இல்ல. வழியில போடுவா. போன வருஷமும் என்ன வழியிலதான நிக்க வச்சா."

"அவ அம்மாவும் அப்படித்தான்."

ஓவ்லா எழுந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கதவு வரை போனான். தாழ்ப்பாளில் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். திரும்பிக் கட்டிலைப் பார்த்தான். ஒரு தரம் தொண்டையைச் செருமினான். பிறகு இன்னொரு தரம் செருமினான். ராகேல் அடுக்களை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவனுடைய பனிவண்டிச் சத்தம் ஆற்றைத் தாண்டித் தேயும்வரை நீலாஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் ராகேல் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். வெளியே வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. நீலாஸ் தூங்குகிறான் என்று நினைத்து ராவ்னா ஜன்னல் திரையை இழுக்கப் போனாள்.

"அது இருக்கட்டும்," என்றான். "உக்காரு. ஒண்ணு கேக்கணும்."

அவள் உட்கார்ந்தாள்.

"என்னோடது உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கட்டிலோரம் நெருங்கினாள்.

"நீதான வேண்டாம்னு சொன்ன?"

"நான் சொன்னேன். இப்ப நான்தான் கேக்குறேன்." அவன் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நேத்து அவன் போனதுலருந்து ஒரே யோசன. மந்த போகுது, நான் போகல. இந்த மூக்குக் குழாயோட கெடக்கிறது யாருன்னே எனக்குத் தெரியல பிள்ள. ஆண்டவர்கிட்ட போயி நின்னா, நீ யாருன்னு கேப்பாருல்ல? என்னத்தச் சொல்ல. ஒரு தரம் கேட்டுட்டுப் போறேன். நான் பாடல, கேக்கத்தான போறேன். அதுக்கு மன்னிப்பு இருக்கும்."

ராவ்னா முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள். குரல் வந்தது. பல வருஷம் பூட்டிக் கிடந்த குரல், கரகரப்பாக, ஆனால் தடங்கல் இல்லாமல் வந்தது. ஏறிக்கொண்டே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

கட்டில் குலுங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தாள். நீலாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏ பிள்ள, உன்னையே நீ பாடிக்கிட்டிருக்க. அவ்வளவு பெருமையா ஓஸ்லோக்காரிக்கு?"

ராவ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வயதில், அண்ணன் சாகக் கிடக்கிற கட்டிலோரம், தன்னைத்தானே பாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெட்கம் காதுவரை ஏறியது.

"அதுவும் தப்பாப் பாடுற," என்றான் அவன். "நேரா ஓடுற. அங்க நிக்கணும். நாலு எட்டு வச்சதும் நீ நின்னு திரும்பிப் பாப்ப. அதுதான் நீ. அத விட்டுட்டா அது வேற யாரோ."

"நிக்கிற எடம் எங்க வருது?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக் காட்டுகிற சமாசாரம் இல்லை அது. குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கினான். பாடினான்.

குரல் என்று சொல்ல முடியாது, மூச்சுதான். ஆனால் நாலு எட்டு ஓடிற்று. நின்றது. திரும்பிப் பார்த்தது. மறுபடி ஓடிற்று. இரண்டு சுற்று பாடினான், மூன்றாவது சுற்றில் பாதியில் மூச்சு போதாமல் விட்டான். ராவ்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். இத்தனை வருஷம் அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது ராக்ன்ஹில்டின் பாட்டு. எங்கும் நிற்காத, யாரையும் திரும்பிப் பார்க்காத ஒருத்தியுடையது.

"சரி," என்றான் நீலாஸ், குழாயை மறுபடி மாட்டிக்கொண்டு. "உன்னோடது ஆச்சு. இப்ப என்னோடது." முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவனைப் போலத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் தேடினாள். தாழ்ந்த குரலில் தொடங்கும், அது தெரியும். நடுவில் கயிறு வீசுகிற மாதிரி ஒரு இழுப்பு உண்டு, அதுவும் தெரியும். வேலிக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்களின் முகம் தெரிந்தது, அவர்கள் வாயிலிருந்து கிளம்பின ஆவி தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தேடத் தேடத் தன் பாட்டே முன்னால் வந்து நின்றது. தள்ளிவிட்டாள், மறுபடி வந்தது. நீலாஸ் கண்ணை மூடியபடி காத்திருந்தான். அவன் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்க்க முடியாமல் அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பாடுறேண்ணே," என்றாள். "மதினி வர்ற நேரம்."

அவன் கண்ணைத் திறந்தான். "மறந்துட்டியா?"

"இல்லண்ணே. நாளைக்கு."

"ம். நாளைக்கு," என்றான். அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் சொன்னான்.

காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ராவ்னா ஓவ்லாவுக்கு போன் போட்டாள். அவன் மந்தையோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தான். தொடர்பு இல்லை என்று திரும்பத் திரும்ப ஒரு பெண்குரல் நார்வே மொழியில் சொன்னது. இன்னொரு தரம் போட்டாள். வேறு யாரைக் கேட்பது? ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் சபைக்காரர்கள். மற்றவர்கள் மந்தையோடு போய்விட்டார்கள். ராகேலைக் கேட்கலாம், அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ராகேல் திரும்பி வந்து கையுறையைக் கழற்றுவதைக் காருக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு இடிக்கிற சத்தம் என்று சொன்னவளிடம் போய் எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை.

அடுத்த நாள் நீலாஸுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. நர்ஸ் வந்தாள், ஊசி போட்டாள். அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ராவ்னா அவன் காதருகே குனிந்து அவன் பெயரைச் சொன்னாள், ஜெபம் சொன்னாள், சின்ன வயதுக் கதையெல்லாம் சொன்னாள். அவன் கேட்டது மட்டும் அவளிடம் இல்லை. அதற்கு மறுநாள் காலையில், ராகேல் பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான்.

அடக்கத்துக்கு ஓவ்லா மந்தையை மகன்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். சபையில் நீளமான கீர்த்தனைகள் பாடினார்கள். பிரசங்கியார், பாதாளத்தின் வாயிலிருந்து தூக்கியெடுக்கப்பட்ட சகோதரன் என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. பிறகு ஜெபவீட்டில் எல்லோரும் இறைச்சிச் சூப்பும் காபியும் சாப்பிட்டார்கள். ஓவ்லா கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்து ராவ்னாவும் பின்னால் போனாள். அவன் தன் பனிவண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். பனி இளகி எல்லா இடத்திலும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஓவ்லாண்ணே, எங்கண்ணனோடது உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவனுக்கு எது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தெரியும். ஆனா பாடக்கூடாது. வாக்குக் குடுத்தாச்சு. செத்துட்டான்னு வாக்கு செத்துப்போகுமா?"

"அந்த வாக்க அவனே திரும்ப எடுத்துக்கிட்டான். தன்னைப் பாடச் சொல்லிக் கேட்டான். எனக்கு வரல."

ஓவ்லா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான். "எப்பக் கேட்டான்?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள்."

கோப்பையைப் பனிவண்டியின் இருக்கையில் வைத்தான். அது சரிந்து காபி கொட்டியது, அவன் பார்க்கவில்லை.

"அன்னிக்குக் கதவுல நின்னேனே," என்றான். "பாத்தியா?"

"பாத்தேன்."

"தொண்ட வரைக்கும் வந்துருச்சு. அவனப் பாக்கிற கடைசித் தடவ. பாடிட்டே போயிரலாம்னுதான் நின்னேன். வேண்டாம்னு சொன்ன மனுஷனாச்சே, சாகும்போது போயி வம்பு பண்ணணுமான்னு..." தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அவன் கேக்கணும்னு கெடந்திருக்கான். நான் முழுங்கிட்டுப் போயிட்டேன்."

உள்ளே தட்டுகள் அடுக்குகிற சத்தம் கேட்டது. ஓவ்லா செருமினான், அன்றைக்குச் செருமின அதே செருமல். பிறகு பாடினான்.

தாழ்ந்து தொடங்கிற்று. முதல் இழுப்பிலேயே ராவ்னாவுக்கு எல்லாம் வந்துவிட்டது, இதையா மறந்தோம் என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நடுவில் கயிறு பறந்தது, கொம்பில் விழுந்தது. வேலிக்குள் இறங்கி நடந்து வருகிறவன், கால்விரல்கள் எல்லாம் இருக்கிறவன், நெஞ்சு நிறைய மூச்சு உள்ளவன், அந்தச் சொட்டுகிற முற்றத்தில் வந்து நின்றான். ராவ்னாவும் சேர்ந்து பாடினாள். இருவர் குரலும் உடைந்து உடைந்துதான் வந்தது.

ஜெபவீட்டுக் கதவு திறந்தது. ராகேல் தலையில் முக்காடு இல்லாமல் படியில் வந்து நின்றாள். ஓவ்லா அவளைப் பார்த்ததும் பாட்டை விட்டுவிட்டான். அவள் கையை நீட்டி, நிறுத்தாதே என்பதுபோல அசைத்தாள். அவன் மறுபடி பிடித்தான். முடிகிறவரை அவள் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இவரத்தான் நான் கட்டிக்கிட்டேன்," என்றாள். "பாத்து முப்பது வருஷமாச்சு."

ராவ்னாவுக்குத் தான் நாளைக்கு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த 'நாளைக்கு' இப்போதுதான் வந்திருக்கிறது. கேட்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தவன் மண்ணுக்குள் இருக்கிறான், அவளைப் பாடத் தெரிந்தவனும் அவனேதான்.